மாடா, ஆடா, கோழியா, மீனா, மீல்மேக்கரா: வடசென்னை வீட்டுக்கு எது சரிப்படும்?

கொஞ்ச நாளாக ஒரே கேள்வி வேறு வேறு வாயிலிருந்து வருகிறது. கொடுங்கையூரில் ஒரு அம்மாவுக்கு, கல்லூரிக்குப் போகும் மகள் பீப் எடுப்பதை நிறுத்தச் சொல்கிறாள். மாடு விடும் ஏப்பத்தில் பூமி சூடாகிறதாம். தண்டையார்பேட்டையில் ஒருவருக்கு டாக்டர் மட்டனைக் குறைக்கச் சொல்லிவிட்டார், பிராய்லரோ வீட்டம்மாவுக்கு ஆகாது. இன்னொரு தம்பி, “ஆய்வகத்துலயே கறி வளர்க்கிறாங்களாம் அண்ணா, அது வரட்டும், அப்புறம் மாத்திக்கலாம்” என்கிறார்.

மூவருக்கும் ஒரே பதில் கிடையாது. கறியே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களோடு எனக்கு வழக்கும் இல்லை. தின்பது என்று ஆன பிறகு எதை, எவ்வளவு, எதற்குப் பதிலாக என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

## எதை வைத்து எடை போடுவது?

முதலில் காசு. கிலோ விலையைப் பார்த்தால் ஏமாந்துபோவோம்; எலும்பும் செதிலும் தண்ணீரும் அதே தராசில்தான் ஏறுகின்றன. ஒரு கிராம் புரதத்துக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று பார்ப்பதுதான் நியாயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 50 கிராம்.

இரண்டாவது, மகள் சொல்லும் சூடு. அவள் சொல்வது உண்மைதான். மாடும் எருமையும் ஆடும் அசைபோடும் பிராணிகள். அவற்றின் முதல் வயிற்றில் நுண்ணுயிரிகள் வைக்கோலையும் புல்லையும் புளிக்கவைக்கும்போது மீத்தேன் உண்டாகி, பெரும்பாலும் ஏப்பமாக வெளியேறுகிறது. 100 வருடக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கும், 20 வருடக் கணக்கில் சுமார் 80 மடங்கும் சூடேற்றக்கூடியது. ஒரு நல்ல விஷயம், பத்துப் பன்னிரண்டு வருடத்தில் சிதைந்துவிடும். இன்று குறைத்தால் நம் பிள்ளைகள் காலத்திலேயே பலன் தெரியும். கோழிக்கும் மீனுக்கும் இந்த வயிறு கிடையாது.

மூன்றாவது, நம் தட்டுக்கு வரும் பிராணி தான் எதைத் தின்றது என்பது. இதை யாரும் கேட்பதில்லை. உலகக் கால்நடைத் தீவனத்தில் 86 சதவீதம் மனிதர் தின்ன முடியாத பொருள் என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஆய்வாளர்கள் 2017இல் கணக்கிட்டார்கள். வைக்கோல், தவிடு, புண்ணாக்கைத் தின்று பாலாகவும் கறியாகவும் மாற்றும் பிராணியும், நாம் தின்னக்கூடிய மக்காச்சோளத்தைத் தின்னும் பிராணியும் ஒன்றல்ல.

நான்காவது, ரத்தம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. கறியில் இருக்கும் இரும்பு, கீரையில் இருப்பதைவிட எளிதாக உடம்பில் சேரும். பி12 சத்தோ இயல்பாகக் கிடைப்பது கறி, மீன், முட்டை, பாலில்தான். இதைச் சேர்க்காமல் போடும் சூழல் கணக்கு, வசதியானவர்களின் கணக்காகிவிடும்.

கடைசியாக, பில்லில் வராத செலவுகள்: மருந்து, கழிவு, கேஸ், பிராணி படும் பாடு.

கீழே இருக்கும் விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் தெரு விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வாயு என்று போட்டிருப்பது, மீத்தேன் உள்பட சூடேற்றும் வாயுக்கள் எல்லாவற்றையும் கரியமில வாயுவின் அளவுக்கு மாற்றிய கணக்கு. அது 119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வின் உலக சராசரியை ஒட்டியது.

| பொருள் | விலை (ரூ.) | கிடைக்கும் புரதம் | 1 கிராம் புரதம் (ரூ.) | 100 கிராம் புரதத்துக்கு வாயு (கிலோ) |
|---|---|---|---|---|
| மாட்டுக்கறி, எலும்பில்லாமல் 1 கிலோ | 360 | 200 கிராம் | 1.80 | பால் மந்தை மாடு 17. கறிக்கென்றே வளர்த்த மாடு 50 |
| மட்டன், எலும்போடு 1 கிலோ | 900 | 150 கிராம் | 6.00 | 20 |
| பிராய்லர், உரித்தது 1 கிலோ | 240 | 140 கிராம் | 1.70 | 6 |
| முட்டை 1 | 7 | 6 கிராம் | 1.15 | 4 |
| பால் 1 லிட்டர் | 40 | 32 கிராம் | 1.25 | 10 |
| மத்தி போன்ற சிறுமீன் 1 கிலோ | 200 | 115 கிராம் | 1.75 | படகின் டீசலைப் பொறுத்தது |
| மீல்மேக்கர் 1 கிலோ | 150 | 520 கிராம் | 0.30 | 2 (சோயா பன்னீர் கணக்கு) |
| துவரம்பருப்பு 1 கிலோ | 160 | 220 கிராம் | 0.75 | 1க்கும் கீழே |

கிலோ வாயு என்றால் கண்ணுக்குத் தெரியாது. வீட்டு கேஸ் சிலிண்டரில் இருக்கும் 14.2 கிலோவும் எரிந்து தீர்ந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு வரும். இனிமேல் சிலிண்டரிலேயே பேசுவோம்.

## மாட்டுக்கறியும் பாலும்

இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும், பிரித்தால் கணக்கு பொய்யாகிவிடும்.

பீப்புக்கு எதிராக இணையத்தில் சுற்றும் பயங்கரமான எண்கள் எல்லாம் 50 என்ற அந்தப் பெரிய எண்ணின் குடும்பம். காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கி, கறிக்கென்றே மாடு வளர்க்கும் நாடுகளின் சுமை அதில் இருக்கிறது. வியாசர்பாடியிலோ பட்டாளத்திலோ நாம் வாங்கும் கறி அப்படி வளர்ந்ததில்லை. அது பெரும்பாலும் உழைத்து முடித்த மாடு, இல்லையென்றால் எருமை. வைக்கோலும் தவிடும் தின்று வாழ்ந்தது. வெட்டிய பிறகும் அதில் எதுவும் வீணாவதில்லை. தோல் பெரியமேட்டுத் தோல் மண்டிக்குப் போகிறது, குடலும் ஈரலும் நல்லியும் ஆளுக்கொரு வீட்டுக்குப் போகின்றன. அதனால் 17 என்ற எண்ணே நமக்குப் பொருத்தம். அதுவும் குறைவில்லைதான், கோழியைவிட மூன்று மடங்கு.

இப்போது பாலுக்கு வருவோம். பசு கன்று போட்டால்தான் பால். பிறப்பதில் பாதி காளைக்கன்று. ஏர் பிடிக்க டிராக்டர் வந்த பிறகு அந்தக் காளைக்கு வேலை இல்லை. பால் வற்றிய பிறகும் கிழட்டுப் பசுவுக்குத் தீவனம் போட்டாக வேண்டும். இவற்றை விற்க ஒரு சந்தை இருப்பதால்தான் அடுத்த மாடு வாங்கக் கையில் காசு இருக்கிறது. உலகிலேயே அதிகம் பால் கறக்கும் நாட்டில் மாட்டுக்கறி என்பது பாலின் வால். ஒரு வீட்டில் தினமும் ஒரு லிட்டர் பால் வாங்கினால் மாதத்துக்குச் சுமார் 96 கிலோ வாயு, அதாவது இரண்டேகால் சிலிண்டர். மேலே சொன்ன 17 கணக்கில், அது ஏறக்குறைய 3 கிலோ பீப்புக்குச் சமம். மூன்று வேளையும் டீ போட்டுக் குடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு பீப் குழம்பைப் பார்த்து முகம் சுளிப்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம். (காட்டினேன். பலன் ஒன்றும் இல்லை.)

பாலில் மறைந்திருக்கும் செலவு வேறு மாதிரி. தெருவில் அவிழ்த்துவிட்ட மாடு குப்பைத்தொட்டியில் பாலித்தீனோடு சாம்பார்ச் சோற்றை விழுங்குவதை நம் பக்கம் பார்க்காதவர் இல்லை. கண்முன் கறந்த பால் என்ற நம்பிக்கைக்குள் இதுவும் அடக்கம். கறந்த பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சாமல் கொடுத்தால் காசநோய், புரூசெல்லா கிருமிகள் வர வழி உண்டு. ஆவின் பாக்கெட் பதப்படுத்தி வருகிறது, அந்தக் கவலை குறைவு. மாடு வைத்திருப்பவர் வீட்டு வயிற்றுப்பாடு இன்னொரு பக்கம். தொழுவத்தில் கட்டி, வைக்கோலும் புண்ணாக்கும் வைத்து வளர்ப்பவரிடம் வாங்குவது தப்பில்லை. போய் ஒருமுறை தொழுவத்தைப் பாருங்கள். சாணி எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். கால்வாய்க்குள் போனால் வேறு ஆளைத் தேடுங்கள்.

மாட்டின் ஏப்பத்தைக் குறைக்க முடியாதா? முடிகிறது. பெங்களூரில் இருக்கும் மத்திய அரசின் கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம் ‘ஹரித் தாரா’ என்று ஒரு தீவனக் கலவை செய்திருக்கிறது. துவர்ப்புப் பொருள் உள்ள தாவரங்களிலிருந்து எடுத்தது, மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் குறைக்கும் என்கிறார்கள். ஆனால் பெரிய லாபம் சாதாரண வேலைகளில்தான் இருக்கிறது: நோயைக் காலத்தில் பார்ப்பது, தீவனத்தைச் சரியாக வைப்பது, இருக்கும் மாட்டிலேயே கூடுதலாகக் கறப்பது. நாலு லிட்டர் கறக்கும் மாடும் எட்டு லிட்டர் கறக்கும் மாடும் விடும் ஏப்பத்தில் இரு மடங்கு வித்தியாசம் இல்லை.

எப்போது மாட்டுக்கறி சரியான தேர்வு? சிவப்புக் கறி வேண்டும், மட்டனுக்குக் கட்டாது என்ற வீட்டுக்கு. ரத்தசோகை இருக்கும் பெண்களுக்கு வாரம் ஒரு முறை, அளவாக ஈரலோடு. (கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை டாக்டரிடம் கேட்டுவிட்டு எடுக்கட்டும், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.) தினசரி என்றால் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015இல் பதப்படுத்திய இறைச்சியை உறுதியான காரணிகளிலும், மாடு ஆடு போன்ற சிவப்புக் கறியைப் பெரிதும் சாத்தியமுள்ள காரணிகளிலும் வைத்தது. ஏழெட்டு விசிலுக்கு ஆகும் கேஸும் உங்கள் கணக்கில்தான்.

## மட்டன்

விலையில் எல்லோரையும் தாண்டி நிற்கிறது, வாயுவில் பால்மாட்டுக் கறிக்குக் குறைந்ததில்லை. ‘பீப்பை விட்டு மட்டனுக்கு மாறிட்டோம், சூழலுக்கு நல்லது’ என்றால் அது நடக்காது. செலவுதான் மூன்று மடங்காகும்.

ஆட்டின் பக்கம் ஒரு நியாயம் உண்டு. விவசாயத்துக்கு உதவாத முள்ளுக்காட்டிலும் தரிசிலும் மேய்ந்து வளரும், நம் சோற்றுக்குப் போட்டிக்கு வராது. நிலமில்லாத பெண்களுக்கு நாலு ஆடுதான் சேமிப்புக் கணக்கு. முழு மட்டன் வாங்க முடியாதவர்கள் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிப் பக்கம் போய் தலைக்கறி, குடல், கால், சுவரொட்டி என்று வாங்குவது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. மண்ணீரலான அந்தச் சுவரொட்டியில் இரும்பு ஏராளம். ஆட்டை அடித்தாயிற்று என்றால் அதன் எந்தப் பாகமும் வீணாகாமல் தின்பதுதான் சூழல் கணக்குக்கும் நல்லது, வடசென்னைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யூரிக் அமிலம் ஏறியவர்கள் மட்டும் உள்ளுறுப்புகளை ஒதுக்க வேண்டும்.

## பிராய்லரும் ‘நாட்டுக்கோழி’யும்

வாயுக் கணக்கில் கறிகளிலேயே பிராய்லர்தான் ஜெயிக்கிறது. 35 முதல் 42 நாளில் இரண்டு கிலோ. ஒரு கிலோ எடை கூட ஒன்றே முக்கால் கிலோ தீவனம்கூட ஆகாது. வேறு எந்தக் கறியும் இவ்வளவு சிக்கனமாக வளர்வதில்லை.

இந்தச் சிக்கனத்துக்குக் கோழி விலை கொடுக்கிறது. நெஞ்சு பெருத்து, கால் தாங்காமல், சரியாக நடக்க முடியாத குஞ்சாகவே பல கோழிகள் லாரி ஏறுகின்றன. தீவனம் மக்காச்சோளமும் சோயாவும். மக்காச்சோளம் எத்தனாலுக்கும் போக ஆரம்பித்த பிறகு அதன் விலையும் ஏறிவிட்டது. பல்லடம், உடுமலைப் பக்கத்துப் பண்ணைக்காரருக்குக் கோழி சொந்தமில்லை. குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது, அவருக்கு வளர்ப்புக்கூலி. கடையில் கோழி விலை ஏறினாலும் அந்தக் கூலி கூடவே ஏறுவதில்லை.

ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்பது வதந்தி. வேகமாக வளர்வது இனத் தேர்வாலும் தீவனத்தாலும். ஆனால் ஆன்டிபயாட்டிக் கவலை வதந்தி இல்லை. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழிக்குக் கொடுக்கிறார்கள் என்றுதான் 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடைகளில் அதை மத்திய அரசு தடை செய்தது. மருந்துக்கு அடங்காத கிருமி சமைத்தால் செத்துவிடும். ஆபத்து சமைக்கும் முன் இருக்கிறது. குழாயடியில் கோழியைக் கழுவும்போது தெறிக்கும் தண்ணீர், அதே பலகையில் நறுக்கும் வெங்காயம், இவற்றைப் பாருங்கள்.

கடையில் இன்னொன்று. பலகையில் பெரிதாக எழுதியிருப்பது உயிர் விலையா, கறி விலையா? இறகு, குடல், தோல் போனால் மூன்றில் ஒரு பங்கு எடை காணாமல் போகும். அப்படிப் போனதில் ஒரு பகுதி, இரவில் மூட்டையாகக் கால்வாய் ஓரம் வந்து சேர்வதும் நமக்குத் தெரிந்ததுதான்.

‘நாட்டுக்கோழி’ என்று நகரத்தில் விற்பது பெரும்பாலும் பண்ணையில் தீவனம் போட்டு வளர்த்ததுதான். மெதுவாக வளர்வதால் கிலோவுக்குக் கூடுதல் தீவனம் தின்கிறது. வாயுக் கணக்கில் பிராய்லரைவிட மோசம். முட்டையிட்டு ஓய்ந்த லேயர் கோழியை அந்த விலைக்கே தள்ளிவிடும் கடையும் உண்டு. ஊரில் குப்பையைக் கிளறித் தின்று வளர்ந்த நிஜக் கோழி கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். இல்லையென்றால் ருசிக்காக வாங்குகிறோம் என்று ஒப்புக்கொண்டு வாங்குங்கள்.

## முட்டை

காசு, வாயு, சமையல் நேரம், பி12, நான்கிலும் தேறுகிறது. இரண்டு குறைகள். நாமக்கல் பண்ணைக் கூண்டில் கோழிக்குக் கிடைப்பது ஒரு ஏ4 தாளைவிடச் சின்ன இடம். முட்டைக்கோழி இனத்தில் பிறக்கும் சேவல்குஞ்சுகளைப் பிறந்த அன்றே ஒழித்துவிடுவது உலகம் முழுக்க நடக்கிறது. ஜெர்மனி 2022 முதல் அதைத் தடை செய்திருக்கிறது. பழுப்பு முட்டைக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தால் வருவது, சத்தால் அல்ல. மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குச் சத்துணவில் முட்டை கிடைத்துவிடுகிறது, அதையும் கணக்கில் சேருங்கள்.

## மீன்

வடசென்னைக்காரருக்கு மட்டும் இருக்கும் வசதி இது, நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை.

காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் கூட்டம் மொய்ப்பது வஞ்சிரம், வவ்வால், இறாலைச் சுற்றி. நல்ல தேர்வு அதற்குக் கொஞ்சம் தள்ளி, அலுமினிய அன்னக்கூடையில் இருக்கிறது: மத்தி, நெத்திலி, காரப்பொடி, கானாங்கெளுத்தி. வெயில் ஏற ஏற அக்கா ஒரு கூறோடு இன்னொரு கையளவு அள்ளிப் போடுவார். சிறுமீன் சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் பெருகும். நெத்திலியை முள்ளோடு தின்பதால் கால்சியமும் சேரும். பாதரசம் பெரிய வேட்டை மீன்களில்தான் சேர்ந்து நிற்கும். கர்ப்பிணிகளுக்குச் சுறாவைவிட மத்தியே மேல்.

மறைந்திருக்கும் செலவு டீசல். இழுவை மடி வலை போட்டு அடிக்கடலை அரித்து வரும் படகில் தின்ன முடியாத குஞ்சு மீன்களும் வரும். அவை காய்ந்து மீன்மாவாகிக் கோழித் தீவனத்துக்கும் இறால் பண்ணைக்கும் போகின்றன. பக்கத்துக் கடலுக்குப் போய்வரும் பைபர் படகு மீனுக்கு அந்தப் பாவம் குறைவு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் ஆரம்பிக்கும் என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் கேரள, கர்நாடக மீன் ஐஸ் பெட்டியில் வரும். விலை ஏறும், மீன் பழசாக இருக்கும். அந்த இரண்டு மாதம் முட்டைக்கும் பருப்புக்கும் மாறுவது நல்லது. கருவாடு போடலாம், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பைப் பார்த்துப் போடுங்கள்.

எண்ணூர் கழிமுகத்து நண்டும் இறாலும் ஒரு காலத்தில் பெயர் பெற்றவை. அனல்மின் நிலையச் சாம்பல், ஆலைக் கழிவு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பரவிய எண்ணெய் என்று எல்லாவற்றையும் கொசஸ்தலை ஆறு சுமந்துவிட்டது. அங்கே பிடிப்பவர்கள் பிழைப்பு இழந்து நிற்கிறார்கள். அவர்கள்மேல் பரிதாபம் எவ்வளவு இருந்தாலும், சின்னப் பிள்ளைக்கு வாரா வாரம் அந்தக் கழிமுக நண்டு என்பதற்கு என்னால் சரி சொல்ல முடியவில்லை.

## மீல்மேக்கர்

எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சோயா மாவில் செய்தது. இந்தியச் சோயா பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரத்திலிருந்து வருவதால் அமேசான் காட்டுப் பழி இதற்கு இல்லை. புரதத்துக்கு இதைவிட மலிவு எதுவும் கிடையாது. பி12 இல்லை, சிலருக்கு வயிறு உப்பும். பிள்ளைகள் ஒதுக்கித் தள்ளினால் கொதிநீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, பொடியாக நறுக்கி கைமாவோடு பாதிக்குப் பாதி கலந்துவிடுங்கள். பீப் கைமாவில் கலந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

## ஆய்வகக் கறி

நெதர்லாந்து விஞ்ஞானி மார்க் போஸ்ட் 2013இல் லண்டனில் காட்டிய முதல் பர்கருக்கு ஆன செலவு 2,50,000 யூரோ. சிங்கப்பூர் 2020 டிசம்பரிலும் அமெரிக்கா 2023 ஜூனிலும் செல்லில் வளர்த்த கோழிக்கறிக்கு அனுமதி கொடுத்தன. இத்தாலி 2023 நவம்பரில் தடைச் சட்டமே போட்டது. கொச்சியில் இருக்கும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2024இல் ஒரு தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து மீன்கறி வளர்க்கும் முயற்சியைத் தொடங்கியது. கறியைக் கலனில் சூடு மாறாமல் வளர்க்க மின்சாரம் நிறைய வேண்டும். அது நிலக்கரி மின்சாரமாக இருந்தால் மிச்சம் பிடித்த வாயு அங்கே போய்விடும். தம்பிக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன்: அது வரும்போது வரட்டும், அதற்காக இந்த வாரக் கறியைத் தள்ளிப்போட வேண்டாம்.

## யார் வீட்டுக்கு எது?

கொடுங்கையூர் அம்மாவுக்கு: மகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு முடிவெடுங்கள். ஹீமோகுளோபின் குறைவென்றால் வாரம் ஒரு நாள் பீப் இருக்கட்டும், அளவைப் பாதியாக்கி மீல்மேக்கர் கலக்கலாம். சரியாக இருந்தால் அவள் வழிக்கே விடுங்கள், முட்டையும் சிறுமீனும் போதும். வீட்டில் இரண்டு லிட்டர் பால் வாங்கினால் ஒன்றரையாக்கச் சொல்லுங்கள். பூமிக்காகப் பேசுகிறவள் டீயிலும் பேசட்டும்.

தண்டையார்பேட்டைக்காரருக்கு: டாக்டர் கொழுப்புக்காகச் சொன்னாரா, யூரிக் அமிலத்துக்காகச் சொன்னாரா என்று முதலில் கேளுங்கள். கொழுப்பு என்றால் மத்தியும் கானாங்கெளுத்தியும் குழம்பாக நல்லது. யூரிக் அமிலம் என்றால் மத்தியும் நெத்திலியும்கூட ஆகாது. முட்டை, மோர், பருப்பு என்று போக வேண்டியதுதான்.

விசேஷம் வைத்திருப்பவர்களுக்கு: 20 கிலோ மட்டன் பிரியாணி என்றால் 600 கிலோ வாயு, 14 சிலிண்டர். கறிக்கு மட்டும் 18,000 ரூபாய். பத்து கிலோ மட்டன், பத்து கிலோ சிக்கன் என்று பிரித்தால் 380 கிலோ, 9 சிலிண்டர், செலவு 11,400. ஆனால் தேக்சா இரண்டாகும், மாஸ்டர் கூலியும் விறகும் கூடக் கேட்பார். முன்பணம் கொடுக்கும்போதே அதைப் பேசி முடித்துவிடுங்கள்.